நான்காம் அத்தியாயம்: டிஸ்கெட்டில் கிடக்கும் தமிழை மீட்பது

பினாங்கின் மாக் மண்டின் வட்டாரத்தில் ஒரு கோயிலின் திருவிழா மலர்களையோ, தமிழ்ப்பள்ளியின் ஆண்டிதழ்களையோ, இளைஞர் மன்றத்தின் கூட்டக் குறிப்புகளையோ தொகுக்க இறங்குகிறவர்களுக்கு 1980கள் வரைக்கும் வழி தெளிவாக இருக்கும். கையெழுத்து, தட்டச்சுத் தாள், அச்சுப்படி என்று எல்லாம் காகிதம். 2000களின் நடுவிலிருந்து யூனிகோட் வந்துவிடுகிறது. கோப்பைத் திறந்தால் தமிழ் தெரியும். இடையில் உள்ள காலம்தான் கைக்கு அகப்படாமல் நழுவுகிறது. அந்த ஆண்டுகளில் நம் ஆட்கள் கணினியில் நிறையவே அடித்தார்கள். அடித்தவை டிஸ்கெட்டுகளாகப் பிஸ்கட் தகரத்திலும் அலமாரியின் அடித்தட்டிலும் கிடக்கின்றன.

டிஸ்கெட் கையில் கிடைத்ததும் எல்லாரும் கேட்பது, ‘அந்தக் காலத்துத் தமிழ் மென்பொருள் எங்கே கிடைக்கும்?’ என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘எந்த எழுத்துருவில் அடித்தார்கள்?’ என்பதே முதலில் கேட்க வேண்டியது. அதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதிக்கு மேற்பட்ட கோப்புகளுக்குப் பழைய மென்பொருளே வேண்டியிருக்காது.

இது ஏன் என்று புரிய ஜப்பானியரின் கதை உதவும். ஆயிரக்கணக்கான காஞ்சி எழுத்துகளைக் கணினியில் ஏற்றுவது தனி ஆளால் ஆகிற காரியமாக இல்லை. அதனால் நாடு முழுவதுக்கும் ஒரே எழுத்துப் பட்டியலை 1978-இலேயே தரமாக அறிவித்தார்கள். அதே ஆண்டு தோஷிபா அறிவித்த ஜேடபிள்யூ-10 என்ற முதல் ஜப்பானியச் சொல்செயலியின் விலை 63 லட்சம் யென். 1982-இல் என்இசி நிறுவனத்தின் பிசி-9801 வந்தது. அந்த வரிசைக் கணினிகளில் காஞ்சி வடிவங்கள் ரோம் சில்லுக்குள்ளேயே இருந்தன. 1985-இல் அதே கணினிக்கு இச்சிதாரோ சொல்செயலி வந்தது. பழைய ஜப்பானியக் கோப்பைத் திறக்க நினைப்பவர் கணினியையும் மென்பொருளையும் தேடி அலையலாம். எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியலோ அவருக்கு முன்பே தெரிந்தது.

நமக்கு நேர்ந்தது வேறு. தமிழின் உயிர், மெய், கொம்பு, கால், சுழி எல்லாவற்றையும் ஓர் எழுத்துருவின் இருநூற்றுச் சொச்சம் இடங்களுக்குள் அடக்கிவிடலாம். ஆர்வமும் திறமையும் உள்ள ஒருவர் வீட்டில் உட்கார்ந்தே செய்துவிடக்கூடிய வேலை. செய்தார்கள், அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஆளுக்கு ஒரு வரிசையில் எழுத்துகளை அடுக்கினார்கள். ஒருவர் ‘அ’ வைத்த இடத்தில் இன்னொருவர் ‘ற’ வைத்தார். ஆகவே பழைய தமிழ்க் கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். அவற்றுக்குரிய எழுத்துகளைச் சொல்லும் அகராதி, அடித்தவரின் எழுத்துருவுக்குள் இருக்கிறது.

எந்தக் காலம், எந்த மென்பொருள்

டிஸ்கெட்டின் மேல் எழுதியிருக்கும் ஆண்டு நல்ல துப்பு. 1984-இல் கனடாவில் இருந்த முனைவர் சீனிவாசன் டாஸ் கணினிகளுக்காக ‘ஆதமி’யை உருவாக்கினார். 1985 முதல் நம் மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை வளர்த்தார். அதுவே விண்டோஸ் காலத்தில் ‘முரசு அஞ்சல்’ ஆயிற்று. ஆங்கில விசைகளில் ஒலிப்படி தமிழ் அடிக்கும் ‘அஞ்சல்’ விசைமுகம் அதன் வழியே பரவியது. மலேசியாவில் அடித்த 1990களின் கோப்பு என்றால் முதல் ஐயம் முரசு மேல் விழுவது இயல்பு.

அதோடு நின்றுவிடாதீர்கள். அச்சகங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் புனேயிலிருந்தும் ஸ்ரீலிபி, இளங்கோ, வானவில் போன்ற தொகுப்புகள் வந்தன. இலங்கைத் தமிழரோடு தொடர்புள்ள வீடுகளில் ‘பாமினி’ எழுத்துரு இருக்கும். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பை ஒட்டியது என்பதால், பொறியில் அடித்துப் பழகியவர்கள் அதை விரும்பினார்கள். இணையம் பார்த்தவர்கள் சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் இலவசமாக வழங்கிய ‘மயிலை’ எழுத்துருவை இறக்கியிருப்பார்கள்.

1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்நின்று நடத்திய மாநாட்டிலிருந்தே பொதுத் தரத்துக்கான பேச்சு வலுத்தது. இணையத்தில் கூடிப் பேசியவர்கள் ‘டிஸ்கி’யை வகுத்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அந்த முறையில் வெளியிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ‘டாப்’, ‘டாம்’ என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் ‘தமிழ்99’ விசைப்பலகையையும் அறிவித்தது. 2000-இல் விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவோடு வந்து யூனிகோட் தமிழைத் திரையில் காட்டியது. அதற்காகப் பழைய முறைகள் அன்றே போய்விடவில்லை. 2005-இல் அடித்த கோப்பு டிஸ்கியில் இருந்தால் வியக்க வேண்டாம்.

முதலில் ஆளைத் தேடுங்கள்

மலரின் அச்சுப்படி ஒன்று கிடைத்தால் முதல் தாளையும் கடைசித் தாளையும் பாருங்கள். மலேசியாவில் 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் அங்கே இருக்க வேண்டும். அந்த முகவரி பெரும்பாலும் பட்டர்வொர்த்திலோ, ஃபெரி ஏறிப் போனால் ஜார்ஜ்டவுனிலோ இருக்கும். அச்சகம் மூடியிருந்தாலும் அங்கே தட்டச்சு செய்தவர் பக்கத்துத் தாமானில் இருக்கலாம். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும்.

அவரிடம் கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. ‘எந்த என்கோடிங்?’ என்றால் விழிப்பார். ‘அக்கா, அப்போ எதுல அடிச்சீங்க? முரசா, வேற ஏதாவதா? அம்மான்னு அடிக்க எந்த பட்டனைத் தட்டுவீங்க?’ என்று கேளுங்கள். பெயர் மறந்தாலும் விரல் மறக்காது. ஒரு விசைப்பலகையை முன்னால் வைத்து ‘அம்மா’ என்று அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தில் ‘ஏ’யில் தொடங்கி ‘எம்’முக்குப் போனால் அஞ்சல் போன்ற ஒலிப்பு முறை. ‘எம்’மில் தொடங்கி, நடுவே அரைப்புள்ளி விசையைத் தட்டி, ‘எச்’சில் முடித்தால் பாமினி போன்ற தட்டச்சு அமைப்பு. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். நாள் கணக்கில் தேடும் அலைச்சல் மிச்சம்.

அவர் வீட்டில் பழைய கணினி இருந்தால், இயங்காவிட்டாலும் அதன் ஹார்ட்டிஸ்க்கைக் கேட்டு வாங்கிப் படியெடுங்கள். எழுத்துருக் கோப்புகள் அதில்தான் இருக்கும். ஸ்ரீலிபி போன்ற அச்சகத் தொகுப்பு என்றால், அச்சுப்பொறித் துளையில் செருகும் சிறிய பூட்டுக்கட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் சில தொகுப்புகள் இயங்க மறுக்கும்.

டிஸ்கெட்டைச் செருகுவதற்கு முன்

பினாங்கின் ஈரக் காற்று டிஸ்கெட்டுக்கு நல்லதில்லை. 3.5 அங்குல டிஸ்கெட்டின் உலோக மூடியை விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்து உலோகச் சக்கரத்தை மெல்லச் சுற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தட்டு கருமையாகச் சீராக மின்ன வேண்டும். வெள்ளைப் புள்ளிகளோ சாம்பல் படலமோ தெரிந்தால் அது பூஞ்சணம். அப்படியே செருகினால் படிக்கும் முனை பூஞ்சணத்தைத் தேய்த்துக்கொண்டு போய்த் தட்டில் வட்டக் கோடு கிழித்துவிடும். அடுத்து போடும் நல்ல டிஸ்கெட்டும் கெடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால், அழுத்தாமல், தட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே செருகுங்கள்.

எழுத்துத் தடுப்பை மறக்காதீர்கள். 3.5 அங்குலத்தில் மூலையில் உள்ள சின்ன ஓட்டை திறந்திருக்க வேண்டும். 5.25 அங்குலத்தில் அது தலைகீழ்: பக்கவாட்டு வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். செருகியதும் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கி, முதல் வேலையாக டிஸ்கெட் முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாகப் படியெடுங்கள். லினக்ஸில் ‘டிடிரெஸ்க்யூ’ இதற்கு நல்லது. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு திரும்பி வந்து முயலும்.

யூஎஸ்பியில் செருகும் 3.5 அங்குல டிரைவ் இன்னும் விலைக்குக் கிடைக்கிறது. 1.44 எம்பி டிஸ்கெட்டுக்கு அது போதும். பழைய மெக்கின்டாஷில் எழுதிய 800 கேபி டிஸ்கெட்டை அது படிக்காது, ஏனெனில் மெக் டிரைவ் தட்டின் வெவ்வேறு பகுதிக்கு வெவ்வேறு வேகத்தில் சுழலும். 5.25 அங்குலத்துக்குப் பழைய டிரைவும், காந்தப் பதிவை அப்படியே வாசிக்கும் ‘கிரீஸ்வீசல்’ போன்ற சிறு பலகையும் வேண்டும். டிரைவ் தேடுகிறவர்கள் ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குக் காலையிலேயே போய்ப் பாருங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் ஒரு நடை போய் வரலாம்.

திரையில் தெரிவதை வாசிப்பது

படியெடுத்த கோப்பை லிப்ரே ஆபீசில் திறங்கள். பழைய வேர்ட், வேர்ட்பெர்பெக்ட் கோப்புகளை அது திறக்கும். தமிழ் தெரியாது; குப்பையாக ஏதோ தெரியும். அந்தக் குப்பையில் ஒரு சொல்லின் மேல் சொடுக்கி, மேலே எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். உங்கள் கணினியில் இல்லாத எழுத்துருவாக இருந்தாலும் அதன் பெயரைச் சாய்வெழுத்தில் காட்டும். பேஜ்மேக்கர் கோப்பைப் பேஜ்மேக்கரிலேயே திறந்தால், இல்லாத எழுத்துருக்களைத் தானே பட்டியலிடும்.

பெயர் கிடைக்காவிட்டால் குப்பையையே வாசிக்க வேண்டும். கோப்பில் ‘தமிழ்’ என்ற சொல் எங்கேயாவது இருக்கும். அது ஆங்கிலச் சிற்றெழுத்துகளாக ஜே, கே, பி, ஓ, அடுத்து ஓர் அரைப்புள்ளி என்று தெரிந்தால் பாமினி வகை. ஐந்து குறிகள் வருவதைக் கவனியுங்கள்: த, ம, இகரச் சுழி, ழ, புள்ளி. டிஸ்கியில் அதே சொல் நான்கே குறிகள்: முக்கால் பின்னக் குறி, தலையில் சாய்கோடு இட்ட பெரிய ‘ஏ’, அமெரிக்கச் சென்ட் குறி, சாய்கோடு இட்ட சின்ன ‘யு’. ‘ழ்’ புள்ளியோடு சேர்ந்து ஒரே இடத்தில் இருப்பதால் ஒன்று குறைகிறது. சாதாரண ஆங்கில எழுத்தும் நிறுத்தக் குறியுமாக இருந்தால் பாமினிக் குடும்பம். ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகள் நிறைந்திருந்தால் டிஸ்கி, டாப், டாம் அல்லது அவற்றின் உறவு. இந்த அளவு பிரித்துவிட்டாலே தேட வேண்டியவை நாலைந்தாகக் குறையும்.

வேர்ட்ஸ்டார் கோப்புகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்த மென்பொருள் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்துக்கும் எட்டாவது பிட்டைத் தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அதனால் சொல்லின் கடைசி எழுத்து மட்டும் தவறாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று தள்ளிவிடாதீர்கள். அந்தப் பிட்டை நீக்கினால் சரியாகும்.

பழைய மென்பொருள் உண்மையிலேயே வேண்டும்போது

எழுத்துருக் கோப்பு கையில் இருந்தால் முதலில் அதை மட்டும் இன்றைய கணினியில் நிறுவிப் பாருங்கள். 1990களின் ட்ரூடைப் எழுத்துருக்கள் பல இன்றும் வேலை செய்யும். படிக்க முடிந்துவிட்டால் மாற்றும் வேலைக்குப் போய்விடலாம்.

டாஸ் காலத்துத் தமிழ்ச் சொல்செயலிகள் அப்படியல்ல. அவை திரையை வரைகலை முறைக்கு மாற்றித் தமிழைத் தாங்களே வரைந்தன. கோப்பின் வடிவமும் அவற்றுக்கே உரியது. 64-பிட் விண்டோஸ் அந்த 16-பிட் நிரல்களை இயக்காது. இலவசமாகக் கிடைக்கும் ‘டாஸ்பாக்ஸ்’ இயக்கும், விண்டோஸ் 3.1-ஐக்கூட அதற்குள் நிறுவலாம். விண்டோஸ் 95, 98 வேண்டுமென்றால் ‘86பாக்ஸ்’ போன்ற முழுக் கணினிப் போலி தேவை.

நிரலின் மூலப் பிரதி எங்கே? அடித்தவரின் அலமாரி, பள்ளியின் பண்டக அறை, அச்சக முதலாளி, கடைசியாக இணைய ஆவணகம். அதற்கும் முன்னால் ஆக்கியவரிடம் கேட்கலாம். முரசு இன்றும் இயங்கும் நிறுவனம். உருவாக்கியவர் நம் நாட்டிலேயே இருக்கிறார். ‘எங்கள் பள்ளியின் பழைய இதழை மீட்கிறோம், இந்த ஆண்டுக் கோப்பு, இந்த மாதிரி தெரிகிறது’ என்று ஒரு பக்க மாதிரியோடு மரியாதையாக எழுதிக் கேளுங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைப் படியெடுத்து ஊருக்கெல்லாம் கொடுக்காதீர்கள். தமிழ் மென்பொருளுக்கு உழைத்தவர்களில் பலருக்கு உரிய வருமானம் வரவில்லை. மீட்புப் பணியின் பெயரால் நாமும் அந்த வருமானத்தைக் கெடுக்கக்கூடாது.

யூனிகோடுக்கு மாற்றுவது

மாற்றிகளுக்குக் குறைவில்லை. சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் ‘என்எச்எம் மாற்றி’, ஜெர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மாற்றி, எல்லாம் இலவசம். ஒன்று தடுமாறினால் மற்றொன்றில் போட்டுப் பாருங்கள்.

இரண்டு இடங்களில் நிதானம் வேண்டும். பழைய உரைக்கோப்பைத் திறக்கும்போது மேற்கு ஐரோப்பிய முறை என்று தேர்ந்தெடுங்கள். யூடிஎஃப்-8 என்று திறந்து சேமித்துவிட்டால் புரியாத குறிகளெல்லாம் கேள்விக்குறியாக மாறி, போனது போனதுதான். இரண்டாவது, மலேசியாவில் அடிக்கடி வருவது: மலரின் நடுவே மலாயில் வாழ்த்துரை, ஆங்கிலத்தில் நன்கொடையாளர் முகவரி. பாமினி வகைக் கோப்பில் தமிழும் ஆங்கில எழுத்தும் ஒரே எண்களில் உட்கார்ந்திருக்கும். எழுத்துருப் பெயர் ஒன்றுதான் வேறுபாடு. வெறும் உரையாக எடுத்து மாற்றினால் சட்டமன்ற உறுப்பினரின் மலாய் வாழ்த்து அர்த்தமில்லாத தமிழாகிவிடும். எனவே மாற்றுவதற்கு முன்பே, எழுத்துரு வேறுபடும் பத்திகளைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

மாற்றி முடித்ததும் ‘கோயில்’ என்ற சொல்லைத் தேடுங்கள். பழைய முறைகளில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முதலிலும், ‘க’ அடுத்தும், கால் கடைசியிலும் இருக்கும். யூனிகோடில் ‘க’வுக்குப் பின்னால் ஓகாரக் குறி ஒன்றாக வரும். கொம்பு தனியே தொங்கினால் தவறான முறையைத் தேர்ந்திருக்கிறீர்கள், அல்லது மாற்றி சரியில்லை.

பிறகு மெய்ப்பு. இதை அவசரப்படுத்த முடியாது. அந்தக் காலத்தில் ‘ர’வுக்கும் காலுக்கும் தோற்றத்தில் வேறுபாடு குறைவு, ஒன்றுக்குப் பதில் மற்றதைத் தட்டியிருப்பார்கள். சொல்லின் தொடக்கத்தில் கால் வந்தால் அது ‘ர’. ‘கௌரி’ என்பது ‘கெளரி’ என்றும், ‘ஔவை’ என்பது ‘ஒளவை’ என்றும் ளகரத்தோடு கிடக்கும். டிஸ்கிக் கோப்பில் ‘இ’ மட்டும் ஆங்காங்கே காணாமல் போயிருக்கலாம். தொடக்கத்தில் அதற்குக் கொடுத்த எண்ணைச் சில மென்பொருள்கள் மறைவான இணைப்புக்கோடாக எடுத்துக்கொண்டன. அதனால்தான் பின்னர் அதற்கு வேறோர் எண்ணும் கொடுத்தார்கள். ஜாலான், ஜூரு, பாகான் ஜெர்மால் போன்ற பெயர்களையும் ஆட்பெயர்களையும் தனியே சரிபாருங்கள். கிரந்த எழுத்துகளை எழுத்துருக்காரர்கள் ஆளுக்கு ஒரு மூலையில் வைத்திருந்தார்கள்.

டிஸ்கெட் படிக்கவே முடியாமல் போனால் அச்சுப்படியை ஸ்கேன் செய்து எழுத்துணரியில் போடலாம். டெசராக்ட் தமிழை வாசிக்கும். நல்ல அச்சு என்றால் பிழை குறைவு. புள்ளி அச்சுப்பொறியில் எடுத்த தாளானால் தடுமாறும். முப்பது பக்கத்துக்குள் இருந்தால் உட்கார்ந்து மறுபடியும் அடித்துவிடுவதே விரைவு என்பது என் எண்ணம். ஊரில் அச்சுப்படி கிடைக்காவிட்டால் தேசிய நூலகத்தில் விசாரியுங்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகள் அங்கே ஒப்படைக்கப்பட வேண்டும். சிறு மலர்கள் பல போய்ச் சேர்ந்திருக்காது, ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம்.

வேலை முடிந்த ஒவ்வொரு இதழுக்கும் ஓர் அடைவு திறந்து, டிஸ்கெட்டின் பிம்பம், தொடாத மூலக் கோப்பு, எழுத்துருக் கோப்பு, யூனிகோட் உரை, அச்சுப்படியின் ஸ்கேன் ஆகியவற்றை ஒன்றாக வையுங்கள். கூடவே ஒரு சின்னக் குறிப்பு: யார் அடித்தார்கள், எந்த ஆண்டு, எந்த மென்பொருள், எந்த மாற்றி, யார் மெய்ப்புப் பார்த்தது. அதன் ஒரு படியைப் பள்ளியிலும், ஒரு படியைக் கோயில் நிர்வாகத்திடமும், ஒரு படியை அடித்துக் கொடுத்தவரிடமும் கொடுத்துவிட்டு அடுத்த டிஸ்கெட்டை எடுங்கள்.